கைக்கு எவ்வளவு வரும்?

வேலை கிடைத்துவிட்டது. அந்தச் சம்பளத்தில் பெருநகரத்தில் குடித்தனம் நடக்குமா? பெரம்பூர் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு இது.

பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெரு. ராத்திரி எட்டரை மணி. முதல் மாடி வீட்டின் கூடத்தில் பாய் விரித்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு செல்போன் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்று மகனுக்கு அனுப்பிய வேலைக் கடிதம் அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“வருசத்துக்கு அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்ப்பா” என்கிறார் மகன். மூன்று வருடமாக அம்பத்தூரில் வேலை. இப்போது வாங்குவது 3 லட்சத்து 60 ஆயிரம். புதியது ஒன்றரை மடங்கு.

ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைத் தூரத்தில் பிடித்துப் படிக்கிறார். “வருசத்த விடுடா. ஒண்ணாந்தேதி கைக்கு எவ்ளோ வரும்?”

மகனிடம் பதில் இல்லை. கடிதத்தில் பதினோரு வரி அட்டவணை இருக்கிறது. அப்பா கேட்ட அந்த ஒரு எண் மட்டும் எங்கேயும் இல்லை.

அம்மா வேறு பக்கம் போகிறார். “அங்க ரூமுக்கு அட்வான்ஸ் எவ்ளோ கேக்குறாங்களாம்? மொத சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு என்னா பண்ணுவ?”

கல்லூரியில் யாரும் சொல்லித்தராத இரண்டு கேள்விகள் இவை. கேட்ட இருவரும் கல்லூரிக்குப் போனவர்கள் இல்லை. ஒரு வேலையை ஏற்பதா, விடுவதா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன.

சம்பளத்துக்குள் வீடு இருந்த காலம்

பெரம்பூர் சம்பளத்தால் உருவான ஊர். ரயில்வே பணிமனைகள் இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கியது. பின்னி குழுமத்தின் பக்கிங்ஹாம் – கர்நாடிக் மில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது.

சம்பளத்துக்கும் விலைவாசிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இந்த ஊர் அன்றே பேசியது. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் அரிசியும் துணியும் விலை ஏறிக்கொண்டே போயின. கூலி அப்படியே நின்றது. 1918 ஏப்ரல் 27 அன்று, மில் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைமை ஏற்றார். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் உடன் நின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது.

மில் 1996-ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

பழைய வேலைகளில் ஒரு விஷயம் இருந்தது. ரயில்வே வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸுக்கு எழுதிவைக்கலாம். உடம்புக்கு வந்தால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. ஊருக்குப் போக பாஸ். ஐ.சி.எஃப். காலனிக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சம்பள எண் சின்னதாகவே இருந்திருக்கும். ஆனால் வீடும் மருந்தும் படிப்பும் பயணமும் அந்த வேலைக்குள்ளேயே இருந்தன. இன்றைய தனியார் வேலைக் கடிதம் எல்லாவற்றையும் பணமாக்கி ஒரே எண்ணாகத் தருகிறது. வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் அந்த எண்ணிலிருந்துதான் போக வேண்டும். அப்பா தலைமுறையின் 20 ஆயிரத்தையும் மகன் தலைமுறையின் 45 ஆயிரத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடிதத்தில் 45,000, கையில் 35,018

அந்தக் கூடத்தில் போட்ட கணக்கையே இங்கும் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 5,40,000 என்றால் மாதம் 45,000. இதை நிறுவனங்கள் ‘சி.டி.சி.’ என்கின்றன. ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு என்று அதற்குப் பொருள். ஊழியருக்குத் தரும் பணம் அதில் ஒரு பகுதிதான்.

அடிப்படைச் சம்பளம் பாதி என்று வைத்தால் 22,500. வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனத்தின் பங்கு 1,800. கிராஜுவிட்டிக்கு அடிப்படையில் 4.81 சதவீதம், அதாவது 1,082. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 600 என்று வைப்போம். ‘வேரியபிள்’ என்கிற செயல்திறன் தொகை பத்து சதவீதம் என்றால் 4,500. இவை எல்லாம் சி.டி.சி.க்குள் இருப்பவை. ஆனால் கடைசி நான்கும் ஒண்ணாந்தேதி கைக்கு வராது. இவை போக நிற்பது 37,018.

இதிலிருந்து ஊழியரின் வைப்புநிதிப் பங்கு 1,800 பிடிப்பார்கள். கர்நாடகத்தில் தொழில்வரி மாதம் 200. மிச்சம் 35,018. புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பிடித்தம் கிடையாது.

வைப்புநிதிக்கான ஊதிய வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அந்த வரம்போடு நிறுத்தும் நிறுவனத்தில்தான் பிடித்தம் 1,800. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும் நிறுவனத்தில் இரு பக்கமும் 2,700 ஆகிவிடும். அப்போது கைக்கு வருவது இன்னும் 1,800 குறைந்து 33,218. அந்தப் பணம் தொலைந்துபோகவில்லை. உங்கள் பெயரில்தான் சேர்கிறது. ஆனால் அடுத்த மாத வாடகையை அதைக் கொண்டு கொடுக்க முடியாது.

பெட்டிச் செய்தி: கடிதத்தில் தேட வேண்டிய வரிகள்

• நிலையான சம்பளம் எவ்வளவு? வேரியபிள் எவ்வளவு? அது மாதாமாதமா, காலாண்டுக்கு ஒருமுறையா, ஆண்டு முடிவிலா?

• வைப்புநிதி 15,000 வரம்புக்கா, முழு அடிப்படைக்கா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் கூடுதல் தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும்.

• சேரும்போது தரும் ஊக்கத்தொகையை, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா?

• விலகும் முன் எத்தனை நாள் நோட்டீஸ்? பாண்ட் உண்டா?

• வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும்? இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா?

• தமிழ்நாட்டில் தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை. உச்சம் 1,250 ரூபாய். அந்த மாதச் சம்பளம் கொஞ்சம் குறைந்தே வரும்.

இரண்டு நோட்டு, ஒரே பையன்

சம்பளம் கூடுகிறது. கூடவே சேமிப்பும் கூடுமா? மாதிரிக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். வீட்டுக்கு வீடு இவை மாறும். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் வேலையில் கைக்கு 25,000 வருகிறது. வீட்டுக்குக் கொடுப்பது 8,000. பெரம்பூரில் ஏறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூர். மின்சார ரயிலின் மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். ஷேர் ஆட்டோவும் சேர்த்து 1,000 வைப்போம். செல்போன், துணிமணி, வெளிச்சாப்பாடு, நண்பர்கள் எல்லாம் சேர்த்து 4,000. செலவு 13,000 போக 12,000 நிற்கிறது.

பெங்களூருவில் கைக்கு 35,018. சாப்பாட்டோடு பி.ஜி. அறையில் ஒரு கட்டில் 11,000. அங்கே மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 90 ரூபாயானது. சென்னை மெட்ரோவில் அது 50. மெட்ரோ, பஸ், ஆட்டோ சேர்த்துப் போக்குவரத்துக்கு 2,500. வெளிச்சாப்பாடு, செல்போன், துணி, மருந்து 6,000. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக 1,500. வீட்டுக்கு அனுப்பும் 8,000-ஐ நிறுத்த முடியாது. செலவு 29,000 போக மிச்சம் 6,018.

மாதம் பத்தாயிரம் கூடுதலாக வாங்கி, ஆறாயிரம் குறைவாகச் சேமிக்கிறார். வேரியபிள் தொகை ஒரு ரூபாய் குறையாமல் முழுதாகக் கிடைத்தாலும் மாதக் கணக்கில் 10,518-தான் ஆகிறது. பழைய 12,000-ஐத் தொடவில்லை.

அதே 12,000 மிஞ்ச வேண்டுமென்றால் கைக்கு 41,000 வர வேண்டும். இதே பிடித்தங்களோடு பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கடிதத்தில் சுமார் 6 லட்சத்து 22 ஆயிரம் இருக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் தர முடியுமா’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘எனக்கு 6.2 லட்சம் வேண்டும், காரணம் இது’ என்று கேட்பவருக்கு மதிப்பு அதிகம். பேரம் பேசக் கையில் ஒரு எண் வேண்டும்.

சம்பளச் சீட்டில் வராத சம்பளம்

மேலே உள்ள கணக்கில் ஒரு பெரிய வரவு மறைந்திருக்கிறது. பெரம்பூர் வீடு. அம்மா கட்டித்தரும் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஆள், வாடகையில்லாத கூரை. இவற்றுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆனால் ஊர் மாறிய முதல் நாளே இவை ஒவ்வொன்றும் விலை கேட்கும்.

அரசு தரும் பலன்களும் அப்படியே. சென்னையில் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. வியாசர்பாடியிலிருந்தோ புளியந்தோப்பிலிருந்தோ தினமும் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இது மாதச் சம்பளத்தில் ஒரு கூடுதல் வரவு. கர்நாடகத்திலும் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது. ஆனால் அது கர்நாடகத்தில் வசிப்பவர் என்று அடையாள அட்டை காட்டும் பெண்களுக்கு. பெரம்பூர் முகவரியோடு போகிறவர் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னும் கனமான விஷயம் ஒன்று உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஒப்பந்த வேலையில் இருக்கும் குடும்பங்களில் இதைக் கவனிக்காமல் விட்டால் அடி பலமாக விழும். இ.எஸ்.ஐ. கணக்கில் வரும் ஊதியத்தின் உச்சவரம்பு மாதம் 21,000. அதற்குள் இருக்கும்வரை ஊழியர் தருவது 0.75 சதவீதம், நிறுவனம் தருவது 3.25 சதவீதம். அதற்குப் பதிலாக அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அவருக்கும் அவரை நம்பி இருக்கும் தாய் தகப்பனுக்கும் திறந்திருக்கிறது. ஊதியம் 20,500-லிருந்து 22,000 ஆகிறது என்று வையுங்கள். ஏப்ரல் – செப்டம்பர், அக்டோபர் – மார்ச் என்ற அரையாண்டுக் கணக்கில், அந்த அரையாண்டு முடியும்வரை பாக்கி நாட்களுக்குச் சந்தா தொடரும். பிறகு நின்றுவிடும். வீட்டில் தொடர் சிகிச்சையில் ஒருவர் இருந்தால், 1,500 ரூபாய் உயர்வு வாங்கிய குடும்பம் அதைவிடப் பெரிய மருந்துச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்கிறது.

இந்த நிலையில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். புதிய வேலையில் குழு மருத்துவக் காப்பீடு உண்டா, அதில் பெற்றோர் சேர்வார்களா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே பணம் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘இன்சூரன்ஸ் உண்டு’ என்ற வாய்வார்த்தை போதாது.

பெட்டிச் செய்தி: வாழ எவ்வளவு வேண்டும்? நாடு போட்ட கணக்கு

• 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது.

• சம்பாதிப்பவர் ஒருவர். குடும்பம் மூன்று நுகர்வு அலகு. மற்றவர்களின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

• உணவு, டாக்டர் அய்க்ராய்டு பரிந்துரைத்த சத்துணவு அளவின்படி.

• நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி.

• அரசின் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தின் குறைந்தபட்ச வாடகை.

• எரிபொருள், விளக்கு, இதரச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம்.

• 1991-ல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சேர்த்தது: பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கு 25 சதவீதம். அந்த வழக்கு புறப்பட்டது சென்னைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து.

முதல் அறுபது நாள்

பெருநகரத்தில் குடியேறுபவரை முதலில் தாக்குவது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். 14,000 வாடகை என்றால் கையில் 1,40,000 இல்லாமல் சாவி கிடைக்காது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘உடன்பாடு’ என்ற சொல்லின் வழியாகப் பழைய பழக்கம் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் சட்டம் இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவருக்கு நான்கு மாதம், ஐந்து மாதம் என்று இறங்கிவர வாய்ப்புண்டு. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யச் சொல்லுங்கள். காலி செய்யும்போது ‘பெயின்ட் அடிக்க’ என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் வழக்கத்தையும் அப்போதே பேசி முடியுங்கள்.

அட்வான்ஸுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அம்மாவின் கழுத்திலிருந்து. ஒரு லட்சத்துக்கு நகையை வைத்தால், மாதம் ஒரு சதவீத வட்டியே ஆயிரம் ரூபாய். ஏலச்சீட்டு எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லாதவர்கள் தண்டல்காரரிடம் போகிறார்கள். தினமும் கட்ட வேண்டிய அந்தக் கடனை, மாதம் ஒருமுறை சம்பளம் வாங்கும் பிள்ளைக்காக வாங்குவது வீட்டையே இறுக்கிவிடும். மீட்டர் வட்டியைத் தடைசெய்ய 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அவசரத்தில் கை நீட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வருவதில்லை.

எனவே ஆண்டுச் சம்பளத்தைப் பார்க்கும் முன் முதல் அறுபது நாளைக் கணக்கிடுங்கள். ரயில் டிக்கெட், அட்வான்ஸ், பாய் தலையணை பக்கெட், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. மாதத்தின் நடுவில் சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரக்கூடும். இந்தத் தொகை கடனில்லாமல் கையில் இல்லையென்றால் நிறுவனத்திடம் இரண்டு வாரத் தங்குமிடமோ, இடமாற்றத் தொகையோ கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சென்னைக்குள்ளேயே ஒரு வெளியூர்

ஊரை விட்டுப் போகாதவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. வேலை சிறுசேரி சிப்காட்டில், வீடு பெரம்பூரில். வாடகை மிச்சம். ஆனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மாதத்துக்கு 22 நாள் என்றால் 88 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. இடுப்புவலியும் தூக்கமின்மையும் மட்டும் மிஞ்சும். மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் பணத்தைச் சேமித்துத் தரும். நேரத்தைச் சேமித்துத் தராது.

மாதவரத்திலிருந்து சிறுசேரிவரை 45 கிலோமீட்டருக்குக் கட்டப்படும் மெட்ரோ வழித்தடம் பெரம்பூருக்குக் கீழேதான் போகிறது. அது ஓடத் தொடங்கினால் வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தெற்கே இருக்கும் வேலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். கூடவே பெரம்பூர் வாடகையும் ஏறும். நெல்லையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து, அண்ணாநகர் வாடகை கட்டுப்படியாகாததால் பெரம்பூரிலும் அயனாவரத்திலும் அறை பிடித்திருப்பவர்கள் அந்த ஏற்றத்தை முதலில் சுமப்பார்கள். வேலைக்காக வரும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் சில இடங்களில் இருக்கின்றன. வடசென்னைக்கு அப்படிப்பட்ட விடுதிகள் இன்னும் நிறைய வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்து.

அப்படியானால் போகவே கூடாதா?

போகலாம். ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கான தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அதிலிருந்து மேலே ஏற இடம் மாறுவதுதான் பலருக்கு வழி. முதல் வருடம் சேமிப்பு குறைந்தாலும், கற்கும் தொழில் இரண்டாம் வருடம் ஏழெட்டு லட்சம் வாங்கித் தரும் என்றால் அந்தக் குறைவு ஒரு முதலீடு. அதே வேலை, அதே மென்பொருள், ஊர் மட்டும் வேறு என்றால் அது முதலீடு ஆகாது. இந்த வித்தியாசத்தை அந்த நிறுவனத்திலேயே இரண்டு வருடம் வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக் கடிதத்தின் முதல் வரியில், பிடித்தம் போக மாதம் கைக்கு வரும் தொகையை எழுதுங்கள். சி.டி.சி. இரண்டாவது வரியில் இருக்கட்டும். இருபத்துநான்கு வயதுப் பிள்ளையின் வீட்டில் அம்மாவின் நகை அடகுக்குப் போவதும் போகாததும் அந்த முதல் வரியில் இருக்கிறது.

பேப்பர் மில்ஸ் ரோட்டு வீட்டில் அன்று ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதில் மூன்று கேள்விகள்: கைக்கு எவ்வளவு வரும்? வேரியபிள் எப்போது தருவீர்கள்? முதல் இரண்டு வாரம் தங்க இடம் உண்டா? அதற்கு என்ன பதில் வருகிறதோ அதை வைத்து முடிவெடுக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கம் இங்கே, ஒரு பக்கம் அங்கே என்று கோடு போடுங்கள். வீட்டில் கணக்குப் பார்த்துக் குடித்தனம் நடத்தியவர் யாரோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்புங்கள். கடைசி வரியில் மிஞ்சும் எண்தான் உங்கள் சம்பளம்.